வழியும் மூலமும்: இரண்டு ஆங்கிலச் சொற்கள்

ஒரு மொழியிற் பொருளால் அணுகி நிற்கும் இரண்டு சொற்களைப் பிறிதொரு மொழியினர் ஒன்றாகவே கொண்டுவிடுதல் இயல்பு. அகராதி இரண்டிற்கும் ஒரே பொருளைக் கூறுமாயின் மாணவர் அதனை ஐயுறார். ஆசிரியரும் பெரும்பாலும் திருத்தார். ஆயினும், சொற்பொருள் அகராதியில் மட்டும் அடங்குவதன்று. ஒரு சொல் எந்த உருபோடு சேர்கின்றது, எத்தகைய வினையைப் பிறப்பிக்கின்றது, பன்மை ஏற்குமா ஏலாதா என்பனவெல்லாம் ஒருங்கு சேர்ந்த பின்னரே அதன் பொருள் முற்றுப்பெறுகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்கு ஏற்ற இரண்டு ஆங்கிலச் சொற்கள் 'டிசென்ற்', 'ஒரிஜின்' என்பன. முன்னையது வழிவழியாக இறங்கி வருதலைக் குறிப்பது. பின்னையது தோன்றிய மூலத்தைக் குறிப்பது.

இவ்விரு சொற்களைத் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணம் உண்டு. கொத்மலை, நுவரெலியா, அட்டன் ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களின் பிரசாவுரிமை வரலாறு பெரும்பாலும் இவ்விரண்டு சொற்களைச் சுற்றியே எழுதப்பட்டது. சட்டநூலில் ஒன்று உரிமை தரும் வாயிலாக நின்றது. மற்றது அவ்வாயிலுக்கு வெளியே நிற்போருக்கு இடப்பட்ட அடையாளமாக நின்றது. தமிழிலோ நாம் இரண்டையும் 'வமிசாவளி' என்ற ஒரே சொல்லால் வழங்கி வருகின்றோம். ஆங்கிலத்தில் எதிரெதிராக நின்ற சொற்கள் தமிழில் ஒன்றாகிவிட்டமையால், நிகழ்ந்தது யாது என்பதே பலர்க்கு விளங்காது போயிற்று. ஆதலின் முதலில் சொல்லாராய்ச்சி செய்து, பின்னர்ச் சட்டத்துட் புகுவோம்.

வேர்ப்பொருள்

'டிசென்ற்' என்பது இலத்தீன் மொழியிற் 'கீழ்நோக்கி ஏறியிறங்குதல்' எனும் பொருள்பட்ட வினையினின்றும் பிறந்தது. ஏறுதலைக் குறிக்கும் பகுதியோடு 'கீழ்' என்னும் பொருளுடைய முன்னொட்டுச் சேர்ந்து இறங்குதலாயிற்று. 'ஒரிஜின்' என்பதோ 'எழுதல்', 'உதித்தல்' எனும் பொருளுடைய இலத்தீன் வினையினின்றும் வந்தது. ஞாயிறு உதிக்குந் திசையாகிய கிழக்கினைக் குறிக்கும் 'ஓரியன்ற்' என்ற சொல்லும் அதே வேரினதாகும். எனவே ஒன்று இறங்குவது, மற்றது எழுவது. ஒன்று இயக்கம், மற்றது இடம்.

ஓர் ஆற்றை நினைத்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். கொத்மலை ஓயா மலையுச்சியில் எங்கோ ஓரிடத்தில் ஊற்றெடுக்கின்றது. அவ்வூற்றே அதன் 'ஒரிஜின்'. அங்கிருந்து பள்ளத்தாக்குகளினூடே இறங்கி மகாவலியிற் கலக்கும் வரையுள்ள ஓட்டமே அதன் 'டிசென்ற்'. ஊற்று ஒரு புள்ளி; ஓட்டம் ஒரு கோடு. ஊற்றை அறிந்தவன் ஆறு பாய்ந்த நிலங்களை அறிந்தவனாகான். ஆறு எந்நிலங்களை நனைத்து எத்துணைக் காலம் ஓடிற்று என்பதை ஊற்றின் பெயர் உரைப்பதுமில்லை.

உயிர்நூலறிஞராகிய சாள்ஸ் டார்வின் இவ்விரு சொற்களையும் தம்முடைய இரு பெருநூல்களின் தலைப்புகளில் வைத்துள்ளார். 1859இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலில் 'ஒரிஜின்' என்பதும், 1871இல் வெளிவந்த மனிதனின் வழித்தோற்றம் பற்றிய நூலில் 'டிசென்ற்' என்பதும் உள்ளன. முன்னைய நூல் புதிய இனங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை ஆராய்கின்றது. பின்னைய நூல் மனிதன் எம்முன்னோரிடமிருந்து வழிவழி வந்தான் என்பதை ஆராய்கின்றது. தலைப்புகளிற் சொற்களை மாற்றி வைத்தால் இரு நூல்களின் நோக்கமும் மயங்கும்.

பெயரும் வினையும்

'டிசென்ற்' பெயர்ச்சொல்லாக வருமிடத்துப் பல பொருள்களில் வரும். அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று, மேலிருந்து கீழே இறங்குதல் அல்லது இறக்கமான வழி. நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்குச் செல்லும் வீதி நீண்டதோர் இறக்கம் என்று கூறும்போது வருவது இப்பொருள். இவ்விடத்து அச்சொல் எண்ணக்கூடிய பெயராய் நின்று, 'ஓர் இறக்கம்', 'இரு இறக்கங்கள்' என்றாற்போல ஒருமையும் பன்மையும் ஏற்கும். மற்றொன்று, குடிவழி அல்லது கால்வழி. இப்பொருளில் அச்சொல் பெரும்பாலும் எண்ணப்படாப் பெயராகவே நிற்கும். ஒருமைச் சுட்டினையும் பன்மை விகுதியையும் ஏலாது. மாணவர் பலர் குடிவழிப் பொருளிற் பன்மை விகுதி சேர்த்தெழுதுவது வழுவாகும். இவையன்றி, திடீர்த் தாக்குதல், ஒழுக்கத்திலோ நிலைமையிலோ தாழ்ந்து போதல் என்ற பொருள்களும் அதற்குண்டு.

ஒலிப்பிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மாறுபட்ட கருத்தைக் குறிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் ஏறக்குறைய இதே ஒலியுடையது. தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'டிசென்ற்' என்றே அமையும். நீதியரசர் ஒருவர் ஏனையோருடன் உடன்படாது வழங்கும் தீர்ப்பிற் பயில்வது அச்சொல். ஒலியொப்புமை கொண்டு இரண்டினையும் மயக்குதல் கூடாது.

இதன் வினைவடிவமாகிய 'டிசென்ட்' என்பது இறங்குதற் பொருளிற் செய்வினையாக வரும். 'அவன் மலையினின்றும் இறங்கினான்' என்பதற்கு அவ்வடிவமே தகும். குடிவழிப் பொருளிலோ அது பெரும்பாலும் செயப்பாட்டு வடிவத்தை ஏற்கின்றது. ஒருவர் இன்ன குலத்தின் வழிவந்தவர் என்று கூறுமிடத்து, ஆங்கிலேயர் அவர் அக்குலத்தினின்றும் 'இறக்கப்பட்டிருக்கிறார்' என்பது போன்ற வடிவத்தை வழங்குவர். வடிவம் செயப்பாட்டாயினும், ஒருவர் செய்ய மற்றவர் அச்செயலுக்கு ஆளானார் என்ற பொருள் அதில் இல்லை. நிலைபெற்ற ஓர் உறவையே அது குறிக்கும். இந்நுட்பம் அறியாத மாணவன் ஒருவன், தோட்டத் தொழிலாளர் மாலையில் மலையினின்றும் இறங்கினர் என்பதைச் செயப்பாட்டு வடிவில் எழுதுவானாயின், அவர் மலைக்குப் பிறந்த மக்கள் என்று பொருள்பட்டுவிடும்.

இவ்வினையினின்றும் 'வழித்தோன்றல்' எனப் பொருள்படும் 'டிசென்டன்ற்' என்ற ஆட்பெயர் பிறக்கின்றது. இது மிக இன்றியமையாத செய்தி. ஏனெனில் 'ஒரிஜின்' என்பதினின்றும் இத்தகைய ஆட்பெயர் பிறப்பதில்லை. அதன் வினையாகிய 'ஒரிஜினேற்' என்பதினின்றும் பிறக்கும் ஆட்பெயர், ஒன்றைத் தோற்றுவித்தவனையே குறிக்கும். ஓரிடத்திலே தோன்றிய குடியிற் பிறந்தவனைக் குறியாது. ஆகவே, இன்ன நாட்டை மூலமாகவுடையவர் என்று கூற விரும்பும் ஆங்கிலேயன், 'இன்ன ஒரிஜினையுடைய ஆள்' என்று ஒரு தொடரால்தான் கூறவேண்டும். முன்னைய சொல் மனிதர்க்கு ஒரு பெயரைத் தருகின்றது; பின்னைய சொல் ஓர் அடைமொழியை மட்டுமே தருகின்றது.

'ஒரிஜின்' பெயராய் வருமிடத்து, ஒரு பொருளின் தொடக்கம், பிறப்பிடம், காரணம் என்பவற்றைக் குறிக்கும். ஒருவருடைய குடும்பப் பின்னணியைச் சொல்லும்போது பன்மையும் ஏற்கும். 'எளிய குடியிற் பிறந்தவர்' என்பதை ஆங்கிலத்திற் பன்மை வடிவத்தால் உரைத்தல் பெருவழக்கு. இதன் பெயரடையாகிய 'ஒரிஜினல்' என்பதற்கு 'ஆதியான', 'படியெடுக்கப்படாத மூலமான', 'பிறரைப் பின்பற்றாத புதுமையான' என்று மூன்று பொருள்கள் உண்டு. மூன்றும் பெருமை தருவன. ஆனால் அதே வேரிற் பிறந்த 'வெளிநாட்டு ஒரிஜினையுடையவர்' என்னும் தொடர் ஒருவரைத் தள்ளி நிறுத்துவதற்கும் பயன்படுகின்றது. ஒரே வேர் ஒருவனை ஆதிக்குடி என்றும் கூறும். வந்தேறி என்றும் கூறும். எதனைக் கூறுகின்றது என்பதை உடன்வருஞ் சொற்களே தீர்மானிக்கின்றன.

வேற்றுமை

இனி, இவ்விரு சொற்களும் எவ்வுருபுகளோடு சேர்கின்றன என்று காண்போம். ஆங்கிலத்தின் முன்னிடைச் சொற்கள் தமிழின் வேற்றுமை உருபுகள் செய்யும் தொழிலைச் செய்கின்றன. நன்னூல் கற்ற மாணவர்க்கு இதனை விளக்குதல் எளிது.

குடிவழியைக் குறிக்கும் 'டிசென்ற்' மூன்று உருபுகளோடு சேரும். 'ஃப்றம்' என்பதோடு சேருமிடத்து அது நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருளை ஒக்கும்: இன்னாரினின்றும் வழிவந்தமை. 'பை' என்பதோடு சேருமிடத்து மூன்றாம் வேற்றுமையை ஒக்கும்: குடிவழியால், அதாவது குடிவழி காரணமாக. 'ஒவ்' என்பதோடு சேருமிடத்து ஆறாம் வேற்றுமையை ஒக்கும்: இன்ன குடிவழியையுடைய. 'ஒரிஜின்' என்பது பெரும்பாலும் 'இன்' என்பதனோடு ஏழாம் வேற்றுமை இடப்பொருளிலும், 'ஒவ்' என்பதனோடு ஆறாம் வேற்றுமை உடைமைப் பொருளிலும் வரும்.

'ஒவ்' என்பதனோடு வருமிடத்து இரு சொற்களும் ஏறக்குறைய ஒருபொருளனவாகும். 'இந்தியக் குடிவழியினர்' என்பதற்கும் 'இந்திய மூலத்தினர்' என்பதற்கும் அன்றாட ஆங்கிலத்திற் பெரும் வேறுபாடில்லை. 'பை' என்பதும் ஒரோவழி 'ஒரிஜின்' என்பதனோடு வருதல் உண்டு. 'மூலத்தால் இவர் தமிழர்' என்று கூறுமிடத்து அது காரணத்தைக் கூறுவதன்று. 'பிறப்பால் தமிழர், தொழிலால் ஆசிரியர்' என்றாற்போல எவ்வகையில் என்பதை மட்டும் கூறுவது.

ஆனால் 'பை டிசென்ற்' என்று சட்டநூல் கூறுமிடத்து, அந்த 'பை' காரணத்தையே கூறும். 'குடிவழியாற் பிரசை' என்றால், குடிவழி என்னும் ஏதுவாற் பிரசாவுரிமை கிடைத்தது என்பது கருத்து. 'எவ்வாறு பெற்றார்?' என்ற வினாவிற்கு அது விடை. 'ஒவ் இந்தியன் ஒரிஜின்' என்ற தொடரோ 'எத்தகையவர்?' என்ற வினாவிற்கு விடை. முன்னையது உரிமை வந்த வழியைச் சொல்லி அமைந்துவிடும். உரிமை கைவந்த பின் அதனை எவரும் நினைக்க வேண்டுவதில்லை. பின்னையது ஆளோடு ஒட்டிய அடை. அவர் எங்குச் சென்றாலும் உடன்செல்லும்.

ஆறாம் வேற்றுமைக்குத் தற்கிழமை, பிறிதின்கிழமை என இருவகைப் பொருள் உண்டென நம் இலக்கணநூலார் கூறுவர். 'சாத்தனது கை' தற்கிழமை; கை சாத்தனை விட்டுப் பிரியாது. 'சாத்தனது வீடு' பிறிதின்கிழமை, அது கைமாறும். 'இந்திய மூலத்தையுடையவர்' என்னும் தொடரில் உள்ள உடைமை தற்கிழமையாகவே கொள்ளப்பட்டது. மூன்று தலைமுறை கழிந்தாலும், வயலும் வீடும் மொழியும் பள்ளியும் இங்கே ஆயினும், அவ்வடை கழன்று விழவில்லை.

சட்டநூலில்

இலங்கை 1948 பெப்ரவரியிற் சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டே நிறைவேறிய 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பிரசைகளைக் குடிவழியாற் பிரசையானோர், பதிவினாற் பிரசையானோர் என்று இரு வகையினராகப் பிரித்தது. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் குடிவழியாற் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். சட்டம் வந்தபின் பிறப்பவர்க்கோ, பிறக்கும் வேளையில் தந்தை பிரசையாயிருத்தல் வேண்டும்.

இவ்விதிகளில் இந்தியர் என்ற சொல்லும் இல்லை, தமிழர் என்ற சொல்லும் இல்லை. 'டிசென்ற்' என்ற சொல்லொன்றே உண்டு. ஆயின் அச்சொல்லின் பொருளைச் சட்டம் எவ்வளவு குறுக்கிவிட்டது என்பதை நோக்குதல் வேண்டும். குடிவழி என்பது இயல்பாகத் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் இறங்குவது. சட்டமோ தந்தைவழியை மட்டும் கொண்டது. திருமணத்தின் வழியன்றிப் பிறந்தவர்க்கே தாயின் பிறப்பு நோக்கப்பட்டது. இக்குறை 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

கொத்மலைத் தோட்டமொன்றில் 1930ஆம் ஆண்டிற் பிறந்த ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவருடைய தாயும், தாயைப் பெற்ற பாட்டியும் அதே தோட்டத்திற் பிறந்தவர்கள் என்க. தந்தைவழிப் பாட்டன் பாட்டி இருவரும் அங்கேயே கொழுந்தும் கவ்வாத்துமாக வாழ்ந்தவர்கள். எனினும் பாட்டி தலைப்பிரசவத்திற்குத் தமிழர் வழக்கப்படி தாய்வீடு சென்றார். அவ்வீடு கடலுக்கப்பால் திருச்சிராப்பள்ளிச் சீமையில் இருந்தது. தந்தை அங்கே பிறந்து, கைக்குழந்தையாகத் தோட்டத்திற்கு மீண்டார். தந்தை இலங்கையிற் பிறக்கவில்லை. ஆகவே முதல் வாயில் அடைபட்டது. தந்தைவழிப் பூட்டன் இந்தியாவிற் பிறந்தவர். ஆகவே இரண்டாவது வாயிலும் அடைபட்டது. தாம் பிறந்ததும் தாய் பிறந்ததும் பாட்டி பிறந்ததும் இம்மண்ணாயினும், சட்டத்தின் கண்ணில் அவருக்கு இங்கே 'டிசென்ற்' இல்லை.

தந்தை தோட்டத்திலேயே பிறந்திருந்தால் யாது நிகழும்? எழுத்தின்படி அவருடைய மகன் பிரசையே. ஆனால் அதனை மெய்ப்பித்தல் வேண்டும். இலயத்திற் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதிவுக்கு அனுப்பும் பொறுப்பு தோட்டத்துரையின் காரியாலயத்தைச் சார்ந்திருந்தது. எழுத்தறியாத பெற்றோர் அப்பத்திரத்தைத் தேடி வைத்திருப்பது அரிது. பாட்டன் பூட்டன் பிறந்த காலத்துப் பத்திரத்தைக் காட்டுவது அதனினும் அரிது. நாட்டின் ஏனைய மக்களும் அத்தகைய பத்திரங்களை வைத்திருந்தவரல்லர். ஆயினும் அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஆகவே ஒரே சொல் சிலர்க்கு ஊகத்தால் நிறைவேறியது. சிலர்க்குச் சான்றினால் மட்டுமே நிறைவேறியது.

இங்கே அச்சொல்லின் வேர்ப்பொருள் தன் வலிமையைக் காட்டிற்று. உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குவதுபோல, உரிமையின்மையும் இறங்கலாயிற்று. 1948க்குப் பின் இங்கே பிறந்த பிள்ளை, தந்தை பிரசையல்லாமையால் தானும் பிரசையாகவில்லை. அப்பிள்ளையின் பிள்ளையும் அவ்வாறே ஆயிற்று.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டம். 'ஒரிஜின்' என்ற சொல் இங்கேதான் முன்வருகின்றது. பிரித்தானிய இந்தியாவிலோ இந்திய சமஸ்தானங்களிலோ மூலத்தையுடையவராய், அங்கிருந்து வந்து இலங்கையில் நிரந்தரமாகக் குடியேறியோரும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இச்சட்டத்தின்படி பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று வரையறுக்கப்பட்டது. திருமணமானவர் 1946 சனவரி 1க்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இங்கே வதிந்தமையைக் காட்டல் வேண்டும். விண்ணப்பங்கள் 1951 ஆகஸ்ட் 5 வரை ஏற்கப்பட்டன. எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் வந்தன. பிரசைகளாக ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

இவ்வரையறையின் இலக்கணத்தைச் சற்று ஊன்றி நோக்குக. வழித்தோன்றல் என்ற சொல் இங்கும் வருகின்றது. ஆனால் அது உரிமைக்கு ஏதுவாக வரவில்லை. 'ஒரிஜின்' என்ற அடையைத் தலைமுறை தலைமுறையாகக் கீழிறக்கும் கருவியாகவே வருகின்றது. முதற்சட்டத்தில் 'டிசென்ற்' உரிமையை இறக்கிற்று. இரண்டாவது சட்டத்தில் அதே சொற்குடும்பம் அந்நியத்தை இறக்கிற்று.

அதே 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, வாக்குரிமை பிரசைகளுக்கே உரியதாயிற்று. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றிருந்தது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும் தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் தெரிவாகியிருந்தனர். 1952 தேர்தலில் அக்காங்கிரசிற்கு ஓராசனமும் கிடைக்கவில்லை. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கினாற் பாராளுமன்றம் புகுந்தது 1977இலாகும். இடையிற் கழிந்தன முப்பது ஆண்டுகள்.

இச்சட்டங்கள் ஓர் இனத்தாரை மட்டும் பாதிப்பன. ஆதலின் சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணாவன என்று கோடக்கன் பிள்ளை வழக்கில் வாதிடப்பட்டது. 1951இல் இலங்கை உயர் நீதிமன்றமும் 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தின் சொற்களில் இனப்பெயர் இல்லாமை அரசின் பக்கத்திற்கு வலிமையாயிற்று. ஒரு சொல்லின் பொதுப்பொருளுக்கும், அது நிகழிடத்திலே கொள்ளும் பயனுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தமும் 'இந்திய ஒரிஜினையுடைய ஆட்கள்' என்ற தொடரையே கொண்டது. ஏறத்தாழ 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் செம்பாதியாகப் பங்கிடப்பட்டனர். இத்தொகைகளில் ஊரில்லை, உறவில்லை, பிறப்பில்லை, மூலமொன்றே உண்டு. ஒரே இலயத்தில் அண்ணன் ஒரு நாட்டினனாகவும் தம்பி மற்றொரு நாட்டினனாகவும் ஆகக்கூடிய நிலை உண்டாயிற்று.

பின்னர் 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்றோர் பலர்க்கு வழி திறந்தன. இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்துவரும் இந்திய மூலத்தினரும், இங்கே வதியும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகளாவர் என்று அது விதித்தது. சொற்கள் அவையே. 'ஒரிஜின்' அதே அடை. 'டிசென்டன்ற்' அதே ஆட்பெயர். ஐம்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்குதற்குப் பயன்பட்ட அச்சொற்களே இப்போது சேர்த்துக்கொள்ளுதற்குப் பயன்பட்டன. எனவே குற்றமும் குணமும் சொல்லிடத்து இல்லை. அதனை எவ்வாக்கியத்தில், எவ்வினையோடு வைக்கின்றோம் என்பதிலேயே உண்டு.

தேயிலையின் மூலம்

'ஒரிஜின்' என்ற சொல்லுக்கு வாணிகத்தில் ஒரு தனி வழக்குண்டு. ஏற்றுமதிப் பொருள் ஒவ்வொன்றும் தன் மூலநாட்டைக் கூறுதல் வேண்டும். கொத்மலைச் சரிவிற் பறித்த கொழுந்து, ஆலையில் வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து, பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறும்போது அதன் மூலநாடு இலங்கை. உலகச் சந்தையில் 'சிலோன் ரீ' என்னும் பெயரே அதன் மதிப்பு. எவரும் அதனை ஐயுறார்.

ஆயின் தேயிலைச் செடி இத்தீவிற்கு உரியதா? 1824இற் சீனாவிலிருந்தும், 1839இல் அசாமிலிருந்தும் கொணர்ந்த கன்றுகள் பேராதனைப் பூங்காவில் நடப்பட்டன. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வாணிகத்திற்கெனத் தேயிலையிட்டது 1867இல். தமிழகத்திலிருந்து தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்கு வரத்தொடங்கியதோ 1820களில். தோட்டத் தேயிலையினும் தோட்டத் தமிழர் இங்கே மூத்தவர்.

பொருளுக்கு 'ஒரிஜின்' என்பது அது விளைந்த இடம்; செடியின் பாட்டன் எங்கிருந்தான் என்று சுங்கத்தார் வினவுவதில்லை. மனிதர்க்கு மட்டும் அச்சொல் மூன்று நான்கு தலைமுறை பின்னோக்கிச் செல்கின்றது. கொழுந்துக்கு மூலம் இலங்கை. அக்கொழுந்தைப் பறித்த கைக்கு மூலம் இந்தியா. ஒரே சொல், ஒரே மலை, ஒரே நாள், இரு பொருள்.

தமிழில் எவ்வாறு வழங்குவது

இனி, நம் மொழிக்கு வருவோம். 'வமிசாவளி' என்பது வடசொல். 'வம்சம்' என்பதற்கு மூங்கில் என்பதும் ஒரு பொருள். மூங்கில் கணுக்கணுவாக வளர்வதுபோலத் தலைமுறை தலைமுறையாக வளரும் குடியையும் அது குறிப்பதாயிற்று. 'ஆவளி' என்பது வரிசை. எனவே வமிசாவளி என்பது தலைமுறைகளின் வரிசை. அஃதாவது செம்மையாக 'டிசென்ற்' என்பதன் பொருளே. 'வமிசாவளிப் பிரசை' என்பது இவ்வகையிற் பொருந்திய மொழிபெயர்ப்பு.

ஆனால் 'ஒவ் இந்தியன் ஒரிஜின்' என்பதற்கு 'இந்திய வமிசாவளியினர்' என்பதே நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. இதனால் விளைந்த மயக்கம் யாதெனின், ஒருவரை 'இந்திய வமிசாவளித் தமிழர்' என்றும் 'இலங்கையின் வமிசாவளிப் பிரசை' என்றும் கூறுமிடத்து, இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றுகின்றன. ஆங்கிலத்தில் அத்தகைய முரண் இல்லை. மூலத்தால் இந்தியாவைச் சார்ந்த ஒருவர் குடிவழியால் இலங்கைப் பிரசையாயிருத்தல் முற்றும் பொருந்தும். முரண் வாழ்க்கையிலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. நம் மொழிபெயர்ப்பில் உள்ளது.

ஆகவே மொழிபெயர்ப்போர்க்கு ஒரு வேண்டுகோள். 'டிசென்ற்' என்பதற்குக் குடிவழி, மரபுவழி, வமிசாவளி என்பவற்றுள் ஒன்றைக் கொள்க. 'ஒரிஜின்' என்பதற்கு மூலம், பூர்வீகம் என்பவற்றுள் ஒன்றைக் கொள்க. பூர்வீகம் என்பது பேச்சுத்தமிழிலும் நன்கு பயின்ற சொல். 'எங்கள் பூர்வீகம் நாமக்கல் பக்கம்' என்று முதியோர் கூறுவதில் உரிமைக்கேடு எதுவும் இல்லை. அது நினைவு கூறல். அந்நினைவை அரசு ஓர் அடையாள இலச்சினையாக்கும்போதே இடர் தோன்றுகின்றது.

குடிமதிப்பிலும் இவ்வேறுபாடு முதன்மையானது. 1911ஆம் ஆண்டின் குடிமதிப்பு முதல் தமிழர் இலங்கைத் தமிழர் என்றும் இந்தியத் தமிழர் என்றும் தனித்தனி எண்ணப்பட்டு வந்தனர். 2012ஆம் ஆண்டின் குடிமதிப்பில் இந்தியத் தமிழர் என்ற தலைப்பின்கீழ் எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் உள்ளனர். இத்தொடரில் 'மூலம்' என்ற சொல்கூட இல்லை. அடைமொழி முற்றாகவே நாட்டுப்பெயராகிவிட்டது. 'மலையகத் தமிழர்' என்ற பெயரை இம்மக்கள் விரும்பியேற்பதன் நுட்பமும் இதுவே. 2023இல் இருநூறாவது ஆண்டினை நினைவு கூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தோர் ஏந்தியதும் மலையகம் என்ற பெயரே. அது ஊற்றின் பெயரன்று. ஆறு பாயும் நிலத்தின் பெயர்.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை, பிரசாவுரிமை ஒன்றே என்றும், குடிவழியாற் பெற்றவரும் பதிவினாற் பெற்றவரும் எல்லா நோக்கங்களுக்கும் 'இலங்கைப் பிரசை' என்றே விவரிக்கப்படல் வேண்டும் என்றும், பெற்ற முறையை வைத்து எவ்வேறுபாடும் காட்டலாகாதென்றும் கூறுகின்றது. இலக்கண நோக்கில் இதன் கருத்து எளிது. 'பை' என்ற உருபு தன் வேலையை முடித்தபின் வாக்கியத்தினின்றும் நீங்குதல் வேண்டும் என்பதே அது. எழுவாயும் பயனிலையும் நின்றாற் போதும்: இவர் பிரசை.

இவ்வாண்டு மொழிபெயர்ப்புத் தாளை எழுதப்போகும் மாணவர் இவ்விரு சொற்களையும் ஒரே சொல்லாற் பெயர்க்கும் முன் ஒருகணம் நிற்பாராக. 'எங்கிருந்து?' என்று கேட்கின்றதா, 'எவ்வழியாக?' என்று கேட்கின்றதா என்று வாக்கியத்தை வினவுக. முதலாவதாயின் மூலம், இரண்டாவதாயின் வழி. இவ்வொரு வினாவைச் சட்டம் இயற்றியோரும் அதனைப் பெயர்த்தோரும் நடைமுறைப்படுத்தியோரும் உரிய காலத்திற் கேட்டிருப்பின், மலைநாட்டுத் தமிழருட் பலர் தாம் பிறந்த மண்ணிற் பத்திரந் தேடி அலைந்த ஆண்டுகள் குறைந்திருக்கும்.